பாண் பையும் படலையும்: கலப்புக் கலியாணக் கதைகளை நாடகமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் திருகோணமலையில் ஒரு சின்ன மண்டபத்தில் நாடகம் போட்டோம். தமிழ்ப் பெண், முஸ்லிம் பையன், இருபது வருடக் குடும்பம். கதையை அவர்களிடமே கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எடுத்தோம். பெயரை மாற்றினோம், தொழிலை மாற்றினோம், ஊரைக் கிண்ணியாவிலிருந்து மூதூருக்கு நகர்த்தினோம். மூன்றாவது காட்சியில் மருமகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, மாமி வீட்டுப் படலையில் பாண் பையைக் கொழுவிவிட்டுப் போவான். உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்து ஆளிடம் அசல் பெயரைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், மேடைவரை கேட்டது.

பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிடலாம் என்று நினைத்ததுதான் எங்கள் முதல் தவறு. கொழும்பில் அது சரிவரலாம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே நான்கு லட்சத்துக்குக் குறைவு. முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 சதவீதம், தமிழர் 30, சிங்களவர் 27. மூன்று இனமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊரில் கலப்புக் குடும்பங்களை ஆட்கள் விரல்விட்டு எண்ணி வைத்திருப்பார்கள்.

சங்கடம் என்னவென்றால், நாடகத்துக்கு உயிர் கொடுத்ததும் அந்தப் பாண் பைதான், ஆளைக் காட்டிக்கொடுத்ததும் அதுதான். "உங்கள் கதையைப் பாவிக்கலாமா?" என்று மொத்தமாகக் கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். "பாண் பையை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். இப்போது நாங்கள் அடையாளம் காட்டக்கூடிய ஒவ்வொரு விடயத்தையும் தனித்தனியாக வாசித்துக் காட்டுகிறோம், கணவனிடமும் மனைவியிடமும் வேறு வேறாக. ஒருவருக்குச் சரி என்பது மற்றவருக்குச் சரியாக இருக்காது. நாலைந்து குடும்பங்களின் கதையைக் கலந்து ஒன்றாக்கலாம், ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. சனம் எப்படியும் ஒரு வீட்டை ஊகிக்கும். சம்பந்தமே இல்லாத குடும்பத்தின் தலையில் பழி விழும்.

அடுத்தது, காதலைப் பற்றியே துருவித் துருவிக் கேட்பது. எங்கே சந்தித்தீர்கள், யார் முதலில் சொன்னது... இதை அவர்கள் நூறு தடவை சொல்லியிருப்பார்கள், கதை தேய்ந்து போயிருக்கும். பிள்ளைக்குப் பெயர் வைத்தது யார், பெருநாளன்று எந்த வீட்டில் சாப்பாடு, செத்தவீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் அப்பாவுக்கும் சிங்கள அம்மாவுக்கும் பிறந்த ஒரு பிள்ளை இரண்டு பாட்டிகளையும் 'ஆச்சி' என்றே கூப்பிட்டது. அந்தச் சொல் இரண்டு மொழியிலும் இருக்கிறது. அந்த இரண்டு ஆச்சிமாரும் ஒரே விறாந்தையில் இருந்ததே இல்லை. எந்தக் காதல் காட்சியையும்விட இது எனக்குப் பெரிது.

அரிவாளோடு பாய்கிற அப்பாவும் வேண்டாம். அப்படி நடப்பது உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேடையில் அவரைப் பார்த்ததும், 'நான் அவ்வளவு மோசமில்லை' என்று சபை நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பத்து வருடம் 'அந்தப் பிள்ளை' என்றே சொல்லி, தேத்தண்ணியை மட்டும் மரியாதையாக நீட்டுகிற மாமாவைக் காட்டுங்கள். கதிரைகள் கிறீச்சிடும்.

தொப்பி போட்டால் முஸ்லிம், கொச்சைத் தமிழ் பேசினால் சிங்களவர், கவுன் போட்டால் பறங்கியர். இந்தப் பழைய சரக்கை ஒத்திகையின் முதல் நாளே எறிந்துவிடுங்கள்.

சட்டத்தையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 'பதிய முடியாது' என்று வசனம் எழுதி வைத்திருந்த பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெவ்வேறு இனத்தவர் தாராளமாகப் பதியலாம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இருவரும் முஸ்லிமாக இருந்தால்தான் பொருந்தும். ஆகவே 'யார் மதம் மாறுவது' என்ற சண்டை பெரும்பாலும் வீட்டுக்குள்தான் நடக்கிறது. அப்புறம் பிள்ளை பிறந்ததும் பிறப்பைப் பதியும் படிவத்தில் தாய் தகப்பனின் இனம் கேட்கும் கட்டம் வருகிறது. ஒரு பேனாவையும் ஒரு படிவத்தையும் வைத்தே பத்து நிமிடக் காட்சி செய்யலாம்.

முடிவில் சாகடிப்பது எங்களூருக்கே உரிய வியாதி. திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் ஒரு தூண் நிற்கிறது. காதலன் கைவிட்டுக் கப்பலேற, பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண் அங்கிருந்து கடலில் குதித்தாள் என்பது கதை. இளம் குழுக்கள் எதை எழுதினாலும் கடைசியில் அந்தப் பாறையில் போய் நிற்கும். அவள் சாகவில்லை, பிறகு இன்னொருவரைக் கலியாணம் முடித்தாள் என்று சொல்வோரும் உண்டு. நாங்கள் கதை கேட்ட தம்பதிகள் வாடகை கட்டுகிறார்கள், பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றி இறக்குகிறார்கள்.

வெளியிலிருந்து வந்த அரங்க முறைகளை அப்படியே இறக்குவதும் ஆபத்து. பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலின் விவாத அரங்கில் பார்வையாளர் எழுந்து வந்து ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழி தேடுவார். இங்கே அது சில நிமிடத்திலேயே அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்லும் கூட்டமாகிவிடுகிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற அயலவரின் இடத்துக்குத்தான் நாங்கள் ஆட்களை அழைக்கிறோம். 1975இல் ஜொனதன் ஃபாக்ஸும் ஜோ சாலஸும் தொடங்கிய பிளேபேக் அரங்கில் சபையில் ஒருவர் சொல்லும் கதையை அங்கேயே நடித்துக் காட்டுவார்கள். அருமையான முறை. ஆனால் சொந்தக்காரர் நிறைந்த மண்டபத்தில் வாய்தவறி வந்த ஒரு வரியைத் திரும்ப விழுங்க முடியாது.

சம்மதம் என்பது ஒருமுறை கையெழுத்து வாங்கி மூடி வைக்கும் கோப்பு என்று நினைக்காதீர்கள். மற்றொரு நாடகத்தை வெளியாட்கள் யாருமில்லாமல் அந்தத் தம்பதிக்கு மட்டும் போட்டுக் காட்டினோம். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை, எழும்பிப் போக வசதியாக. அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்க, உம்மாவின் செத்தவீட்டுக் காட்சி வேண்டாம் என்றார் கணவர். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஏழு நிமிடம் போனது. முந்தின காட்சியின் பாட்டை இன்னொரு தடவை பாடிச் சமாளித்தோம்.