நேரமே எந்திரிக்கப் பழகுவது: வேலை முந்தின நாள் பொழுதோடவே ஆரம்பம்

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தில் ‘சீக்கிரம்’ என்பதைவிட ‘நேரமே’ என்ற சொல்தான் அதிகம் புழங்கும். “நாளைக்கு நேரமே எந்திரிக்கோணும்” என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரை மணிவரை போனைப் பார்த்தபடி படுத்திருந்தால், காலையில் எந்த அலாரமும் உதவாது. எந்த நேரத்துக்குக் கண் விழிக்கும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: ‘பொழுதோட’, அதாவது பொழுது சாய்ந்த பிறகு, நாம் செய்கிற காரியங்கள், எழுந்தபின் கண்ணில் படுகிற வெளிச்சம். மன உறுதிக்கு இதில் பங்கு குறைவுதான். ஐந்து வாரம் ஒதுக்கினால், காலை 7 மணிக்கு எழுகிற ஒருவர் 5 மணிக்கு வந்துவிடலாம்.

முதலில் கணக்கு

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம். 5 மணிக்கு எழ வேண்டுமென்றால் 9.30க்குத் தூங்கியிருக்க வேண்டும். தலை சாய்த்தவுடன் யாருக்கும் தூக்கம் வந்துவிடாது, பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஆகவே 9.15க்குப் பாயிலோ கட்டிலிலோ இருக்க வேண்டும். இந்தக் கணக்கு உங்கள் வீட்டில் நடக்குமா என்று பார்த்த பிறகே எழும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ஒன்பதரைக்கு வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு, பதினோரு மணிக்குப் படுக்கிறவருக்கு ஆறேகால், ஆறரைதான் ‘நேரமே’. அவர் 4.30க்கு எழுந்தால் அது தூக்கத்தைத் திருடுவது. தையல் மெஷின் முன்னால், கட்டிங் டேபிள் முன்னால், பைக்கில் வீடு திரும்பும்போது அதற்கு விலை கொடுக்க நேரும்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் இரண்டே எண்கள் எழுதுங்கள்: விளக்கணைத்த நேரம், பாயை விட்டு எழுந்த நேரம். அலாரம் அடித்த நேரத்தை எழுதாதீர்கள். ஏழு தாளையும் கிளிப் போட்டு வைத்துப் பார்த்தால், “நான் பத்து மணிக்கே படுத்துவிடுவேன்” என்று நம்பிக்கொண்டிருந்தவர் உண்மையில் 10.50க்குத்தான் விளக்கணைக்கிறார் என்பது தெரியவரும். அந்த நிஜ நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாலு நாளைக்குக் கால் மணி

எழும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவந்து, நான்கு நாள் அதிலேயே நில்லுங்கள். பிறகு அடுத்த 15 நிமிடம். 7 மணியிலிருந்து 5 மணிக்கு வர எட்டு படி, அதாவது 32 நாள். படுக்கும் நேரத்தையும் அதே அளவு நகர்த்த வேண்டும். ஆனால் முதலில் உறுதியாகப் பிடிக்க வேண்டியது எழும் நேரத்தைத்தான். தூக்கத்தை வரச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, எழுவது நம் கையில் இருக்கிறது. நேரமே எழுந்த நாளில், ராத்திரி தூக்கம் தானாக முன்னால் வரும்.

ஒரே நாளில் 8 மணியிலிருந்து 4.30க்குத் தாவுகிறவர்கள் மூன்றாம் நாள் விட்டுவிடுகிறார்கள். இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது செல்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். வழக்கமாக விழிக்கிற நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உடம்பின் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்துக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். அதற்கு முன்பே படும் வெளிச்சமோ பின்னால் தள்ளிவிடும். 8 மணிக்கு எழுந்து பழகியவர் 4.30க்கு எழுந்து பளிச்சென்று விளக்குப் போட்டால், தனக்கே எதிராக வேலை செய்கிறார். பதினைந்து பதினைந்து நிமிடமாக நகர்ந்தால் இந்தச் சிக்கல் வராது.

நம் ஊர் வெளிச்சம்

பெரும்பாலான யோசனைகள் கோட்டைவிடுவது இங்கேதான். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கோவை ஏறக்குறைய 77 டிகிரியில் இருக்கிறது. இந்த ஐந்தரை டிகிரி வித்தியாசத்தால், கடிகாரம் காட்டும் நேரத்தைவிட நம் சூரியன் சுமார் 22 நிமிடம் பின்தங்கி வருகிறது. சேலம், கரூர்ப் பக்கம் நாலைந்து நிமிடம் முன்னதாக விடியும், அவ்வளவுதான். கோவையில் வருடத்திலேயே முந்திப் பொழுது கிளம்புவது மே கடைசி, ஜூன் தொடக்கத்தில், ஆறு மணியை ஒட்டி. மிகத் தாமதமாகக் கிளம்புவது தை மாதத்தில், 6.45 வாக்கில். லேசாக வெளுப்பது அதற்கு இருபது நிமிடம் முன்னால். ஆக, 5 மணி என்பது இங்கே வருடம் முழுவதும் இருட்டுதான். வெளிச்சம் எழுப்பிவிடும் என்று ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருக்க முடியாது.

அதனால் வெளிச்சத்தை இரண்டு தவணையாகக் கொடுக்க வேண்டும். எழுந்தவுடன் அறையில் இருக்கிற எல்லா விளக்குகளையும் போடுங்கள், ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போதாது. பிறகு பொழுது கிளம்பினதும் கட்டாயம் வெளியே வந்து 20 நிமிடம் இருங்கள். மொட்டை மாடியோ வாசலோ தோட்டமோ, எதுவானாலும் சரி. டியூப் லைட் போட்ட அறைக்குள் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் இருக்கும். மேகம் மூடிய ஆடி மாதக் காலையில்கூட, பொழுது கொஞ்சம் ஏறியதும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். அந்த 20 நிமிடத்தை விட்டுவிட்டு, 5 மணிக்கு எழுந்து 8 மணிவரை வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர்களுக்குத்தான் “மாசம் ஒண்ணாச்சு, இன்னும் பழகல” என்ற குறை வருகிறது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, வெளிச்சத்தில் நின்றாலே போதும்.

தொடங்குவதற்கு நல்ல மாதம் மாசி. மாசி ஆரம்பத்தில் 6.40க்குக் கிளம்பும் பொழுது, சித்திரை பிறக்கும்போது 6.10க்கு வந்துவிடும். நீங்கள் நேரத்தை முன்னால் நகர்த்தும்போது சூரியனும் கூடவே நகரும். பலர் மார்கழியில் ஆரம்பிக்கிறார்கள். தெருவில் கோலம் போடுகிறவர்கள், கோயில் ஸ்பீக்கர் என்று துணைக்கு ஆள் இருப்பது உண்மை. ஆனால் அந்த மாதம் இருட்டும் குளிரும் அதிகம், விடியலும் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். மார்கழிப் பழக்கம் பொங்கலோடு நின்றுபோவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொழுதோட செய்ய வேண்டியவை

சாயங்காலக் காப்பிதான் முதல் எதிரி. காப்பியில் இருக்கிற, தூக்கத்தை விரட்டும் காஃபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 6 மணிக்குக் குடித்த டிகிரி காப்பியில் பாதி, பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியம் 2 மணிக்குமேல் காப்பி வேண்டாம். டீயில் காஃபின் குறைவு. நாலு மணி டீயை விடவே முடியாதவர்கள் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் சுக்குக் காப்பி குடிக்கலாம், காப்பித்தூள் சேர்க்காமல் கருப்பட்டியும் சுக்கும் கொத்தமல்லியும் போட்டது.

ராத்திரிச் சாப்பாடு படுப்பதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் முடிய வேண்டும். அதாவது ஏழு மணிக்குள். அரிசிம்பருப்புச் சாதமோ இரண்டு தோசையோ போதும். ஒன்பது மணிக்குமேல் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால் வயிறு கனத்து நெஞ்சு கரிக்கும், தூக்கம் தள்ளிப்போகும்.

எட்டரைக்குப் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மஞ்சள் விளக்கோடு இருங்கள். தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதை வெளிச்சம் தடுக்கும். போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். சிறிய கடிகார அலாரம் வாங்கினால் இந்த ஒரு சிக்கல் அடியோடு போய்விடும். அதைக் கைக்கெட்டாத தூரத்தில், ஆனால் அதே அறையில், வைக்க வேண்டும். எழுந்து ஏழெட்டு அடி நடந்தால்தான் நிறுத்த முடியும் என்றிருக்கட்டும். பத்து நிமிடம் தள்ளிவைத்துத் தள்ளிவைத்து எழுவதில் கிடைப்பது துண்டு துண்டான அரைத் தூக்கம், அதில் ஓய்வு இல்லை.

சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் தூக்கம் வராவிட்டால் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான நீரில் தண்ணி வாத்துக்கொள்ளுங்கள், அதாவது குளியுங்கள். தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி, உடம்பு உள்ளே குளிரும். மாடியில் படுக்கிறவர்கள் கொசுவலை கட்டாமல் படுக்க வேண்டாம். விடியற்காலம் கொசு கடித்து எழுந்தவருக்கு அன்றைய நாள் போச்சு.

எழுந்த முதல் கால் மணி

விழித்தபின் 15 முதல் 30 நிமிடம் மூளை மந்தமாகவே இருக்கும், யாருக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் ‘எந்திரிக்கலாமா, இன்னும் கொஞ்சம் படுக்கலாமா’ என்று யோசித்தால் படுக்கைதான் ஜெயிக்கும். எனவே முதல் வேலையை ராத்திரியே எடுத்துவைத்துவிட வேண்டும்: செருப்பு வாசலில், தண்ணீர்ச் சொம்பு மேஜைமேல், படிக்க வேண்டிய பக்கம் திறந்தபடி. முகத்தில் தண்ணீர் அடித்து, ஒரு சொம்பு குடித்து, வாசல் கூட்டித் தெளித்துவிட்டால் உடம்பு முழித்துக்கொள்ளும்.

அந்த வேலைக்கு இன்னொருவர் காத்திருந்தால் மிக நல்லது. கூட்டுறவுப் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீட்டில் யாரும் அலாரத்தோடு சண்டை போடுவதில்லை. கறவை நேரம் தப்பினால் மாடு கத்தும், சொசைட்டி மூடிவிடும். மாடு இல்லாதவர்கள் கோவை ரேஸ் கோர்ஸில் நடக்க ஒரு கூட்டாளியையோ, உழவர் சந்தையில் காய் வாங்கிவரும் பொறுப்பையோ ஏற்றுக்கொள்ளலாம்.

சறுக்கும் இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் 5 மணிக்கும் ஏழாம் நாள் 8 மணிக்கும் எழுந்தால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்துதான். அதிகம் போனால் ஒரு மணி நேரம் தள்ளலாம். கறிக்கடைக்குப் போகும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், நேரமே போனால்தான் நல்ல கறி கிடைக்கும்.

கல்யாணம், நோம்பி (பண்டிகை), தேர். ராத்திரி ஒரு மணிவரை மண்டபத்தில் இருந்துவிட்டால், மறுநாள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் மட்டும் தாமதமாக எழுந்து, மதியம் மூன்று மணிக்குள் 20 நிமிடம் கண்ணயருங்கள். ஒன்றரை மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினால் அன்று ராத்திரித் தூக்கம் கெடும்.

மில்லில் பகல், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறிப் போகிறவர்கள் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம். இருட்டறையில் தொடர்ந்து ஏழு மணி நேரம் தூங்க வீட்டார் வழிவிடுவதே அவர்களுக்கு முக்கியம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளை 4 மணிக்கு எழுப்புகிற வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்தங்கும், படித்தது மனதில் பதிவதற்கும் தூக்கம் தேவை. பதினோரு மணிவரை படிக்கவைத்து நாலு மணிக்கு எழுப்பினால் படித்ததில் பாதி வீண். 8 மணி நேரம் கிடைக்கிற மாதிரி முன்னால் படுக்க வைத்துவிட்டு எழுப்புங்கள்.

எட்டு மணி நேரம் தூங்கியும் அசதியோடு எழுந்தால், சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால், ராத்திரி மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழ நேர்ந்தால் அலாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு, சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை எதுவாகவும் இருக்கலாம்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற கணக்கை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனம் விட வேண்டாம். லண்டனில் 96 பேரிடம் நடந்த, 2009இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறும் என்று மதிப்பிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியது அவர்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஐந்து வாரத்தில் 5 மணிக்கு வந்து சேர்ந்த பிறகு, இன்னும் ஒரு மாதம் காலண்டர்த் தாளில் எழுதுவதை நிறுத்தாதீர்கள். அலாரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் தானாக விழிப்பு வருவது தொடர்ந்து பத்து நாள் நடந்தால், எழுதுவதை விட்டுவிடலாம்.