பதினெட்டு நிரம்பாதவரை வேலைக்கு வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

"பதினாலு முடிஞ்சிருச்சு, இனி பிரச்சினை இல்லை" என்று நினைத்து ஆள் எடுக்கும் முதலாளிகள் நம் நாட்டில் ஏராளம். சட்டம் பதினாலோடு நின்றுவிடவில்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 நிரம்பி 18 நிரம்பாதவர்கள் 'வளரிளம் பருவத்தினர்' எனத் தனியாகப் பிரிக்கப்பட்டார்கள். இவர்களை வேலைக்கு வைக்கலாம். பெரியவர்களிடம் வாங்குவதுபோல வேலை வாங்க முடியாது.

பெரும்பாலானோர் தவறுவது நேரக் கணக்கில்தான். தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் ஒரு மணி நேர ஓய்வு தந்தாக வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், அவ்வளவுதான். காலை 10 மணிக்கு வரும் பையன் 1 மணிக்குச் சாப்பிடப் போய் 2 மணிக்குத் திரும்பினால், 4 மணிக்கு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். லோடு வண்டி வரவில்லை, சும்மாதானே உட்கார்ந்திருந்தான் என்ற வாதம் எடுபடாது. வேலைக்காகக் காத்திருக்கும் நேரமும் அந்த ஆறு மணி நேரத்தில் சேரும்.

இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது. ஓவர்டைமும் கிடையாது, இரட்டைச் சம்பளம் கொடுத்தாலும் சரி, பண்டிகைக் கூட்டம் வாசல்வரை நின்றாலும் சரி. காலையில் வேறோர் இடத்தில் வேலை பார்த்தவரை அதே நாளில் நீங்கள் வைத்துக்கொள்ளவும் முடியாது. சேர்க்கும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உண்டு.

அப்புறம், எந்த வேலை என்பது. சுரங்கம், எளிதில் தீப்பற்றும் பொருள், வெடிபொருள், அபாயகரமான செய்முறைகள் ஆகியவற்றில் 18 வரை தடை. பட்டாசு ஆலைக்கு மட்டும்தான் இந்தத் தடை என்று பலர் நினைக்கிறார்கள். பட்டாசை இருப்பு வைப்பதும் விற்பதும்கூட இதில் அடங்கும். தீபாவளிக்குப் போடும் தற்காலிகக் கடையில் பிளஸ் ஒன் மாணவனை நிறுத்துவதும் குற்றம்தான். இதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம்.

காகித வேலையைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. வேலைக்குச் சேர்த்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், வேலையின் தன்மை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். வயதை வாய்மொழியாகக் கேட்டு எழுதாமல், பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ வாங்கிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் கோபம் வருவது சம்பள விஷயத்தில். "ஊருக்குப் போகும்போது மொத்தமா வாங்கிக்கோ" என்று பிடித்து வைப்பதைப் பலர் சேமிப்பு என்றே சொல்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 18 நிரம்பாத எல்லோருமே குழந்தைகள்தான். அவர்களின் சம்பளத்தைப் பிடித்து வைத்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அது கழியும்வரை பிள்ளையை வேலையில் கட்டிப்போட்டால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் பாயும். மாதாமாதம் சம்பளத்தை அந்தப் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள்.