கையால் எழுதிய அசைன்மென்டை எல்எம்எஸ்ஸில் ஏற்றுவது எப்படி?

பம்பைமடுவிலும் அறிவியல்நகரிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் படிக்கும் பிள்ளைகள் வார இறுதிக்கு ஒட்டுசுட்டான், துணுக்காய் என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். எல்எம்எஸ் என்னும் இணையக் கற்றல் தளத்தில் அசைன்மென்டை ஏற்றுவதற்கான கடைசி நேரமும் அப்போதுதான் வரும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் நின்றாலும் வேலை முடிய வேண்டுமென்றால் கீழே உள்ளபடி செய்யுங்கள்.

1. எழுதுவதும் வெளிச்சமும்

கோடில்லாத ஏ4 தாளில் கறுப்புப் பேனையால் எழுதுங்கள். படம் பிடிப்பதைப் பகலில், விறாந்தையில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தலைக்கு மேலே மின்குமிழ் இருந்தால் போனின் நிழல் தாளில் விழும். பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு வரும், அந்த இடத்து எழுத்து போய்விடும்.

2. ஸ்கான்

கமராவால் எடுத்த படங்களை அப்படியே சேர்க்காதீர்கள். ஒரு படமே 3 முதல் 5 எம்பி வரும், பத்துப் பக்கத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். அன்ட்ரொயிட்டில் என் தெரிவு கூகுள் பைல்ஸ் செயலியில் உள்ள ஸ்கான். கூகுள் டிரைவிலும் ஸ்கான் உண்டு. ஆனால் அது பிடிஎப்பை முதலில் டிரைவுக்கு ஏற்றும், பிறகு நீங்கள் எல்எம்எஸ்ஸுக்கும் ஏற்ற வேண்டும். டேட்டா இரண்டு தடவை போகும்.

எல்லாப் பக்கங்களையும் ஒரே தடவையில் எடுத்து ஒரே பிடிஎப்பாகச் சேமியுங்கள். எழுத்துப் பக்கங்களுக்குக் கறுப்பு வெள்ளை போதும், கோப்பும் சிறிதாகும். பென்சிலால் கீறிய படம் உள்ள பக்கத்தை மட்டும் கிரேஸ்கேலில் (சாம்பல் நிறச் சாயல்களில்) விடுங்கள். கறுப்பு வெள்ளையில் மெல்லிய பென்சில் கோடு அழிந்துபோகும். பொறியியல், விவசாய பீடப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

3. ஏற்றுவது

பிள்ளைகள் அதிகம் மாட்டுப்படுவது இங்கேதான். எல்எம்எஸ் இயங்கும் மென்பொருளான மூடிலில் மூன்று கட்டம் உண்டு.

கோப்பைத் தெரிவு செய்து ஏற்றியதும் பெட்டிக்குள் அதன் படம் தெரியும். அது இன்னும் தற்காலிக இடத்தில்தான் இருக்கிறது. அப்படியே பக்கத்தை மூடினால் விரிவுரையாளருக்கு எதுவும் போகாது. கீழே இறங்கி ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்துங்கள்.

இப்போது நிலையைப் பாருங்கள். ‘டிராஃப்ட்’ என்று இருந்தால் ‘சப்மிட் அசைன்மென்ட்’ பொத்தானையும் அழுத்தி உறுதிப்படுத்த வேண்டும். சில பாடங்களில் இந்தப் பொத்தான் வராது, அதனால்தான் பழகியவர்களும் தவறவிடுகிறார்கள். ‘சப்மிட்டட் ஃபோர் கிரேடிங்’ என்று வந்தால் மட்டுமே முடிந்தது. அந்தத் திரையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ‘சப்மிட் அசைன்மென்ட்’ பொத்தானை அழுத்துமுன் பிடிஎப்பை ஒருமுறை திறந்து பக்க ஒழுங்கைப் பாருங்கள். பிறகு மாற்ற விரிவுரையாளர்தான் திறந்துவிட வேண்டும்.

ஏற்றும்போது வேறு செயலிக்குப் போகாதீர்கள், திரையும் அணையக்கூடாது. இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான் ஏறும். கோப்பைச் சிறிதாக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பிறகு சேர்த்தது: ஐபோன் வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். நோட்ஸ் செயலியிலேயே ஸ்கான் இருக்கிறது, வேறு எதுவும் இறக்கத் தேவையில்லை.

நேரம் தவறியவர்களுக்கு: ‘டியூ டேட்’ தாண்டினாலும் ‘கட்-ஓஃப் டேட்’ வரை மூடில் வாங்கும், பிந்தியது என்று குறித்துக்கொள்ளும். கட்-ஓஃப் தாண்டினால் ஏற்றும் பொத்தானே இராது. உடனே விரிவுரையாளருக்கு பிடிஎப்பை இணைத்து மின்னஞ்சல் போடுங்கள்.