இங்கிலீஷ் கேஸ் லா மண்டையில ஏறலையா, இப்படி படிச்சு பாருங்க

தர்மபுரி லா காலேஜ்ல முதல் வருஷம் சேர்ற பசங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், டார்ட்ஸ் (ஒப்பந்தம் இல்லாமலே ஒருத்தர் பண்ண தப்பால வர்ற நஷ்டத்துக்கு ஈடு கேக்கற சட்டம்), கான்ட்ராக்ட் ரெண்டுலயும் வெள்ளைக்காரன் கேஸா கொட்டிக்கிடக்கே எப்படிண்ணா ஞாபகம் வெக்கறதுன்னு. பேரையும் வருஷத்தையும் உருப்போடறத மொதல்ல நிறுத்துங்க. யாருக்கு என்ன நஷ்டம், கோர்ட் முன்னாடி இருந்த கேள்வி எது, எந்த காரணத்தால அப்படி தீர்ப்பு சொன்னாங்க, இந்த மூணையும் நோட்ல ரெண்டு ரெண்டு வரி எழுதுங்க. அப்புறம் ஃபேக்ட்ஸ்ல ஒண்ண மட்டும் மாத்தி பாருங்க. எத மாத்துனா தீர்ப்பே மாறுதோ அங்கதான் ரேஷியோ, அதாவது தீர்ப்புக்கு அடிப்படையான சட்டக் காரணம், ஒக்காந்திருக்கு.

ஹேட்லி வெர்சஸ் பாக்சன்டேல், 1854. குளஸ்டர்ல ஒரு மாவு மில், இஞ்சின் ஷாஃப்ட் ஒடஞ்சு போச்சு, புதுசு செய்ய மாதிரிக்கு அத கிரீனிச்சுக்கு அனுப்பணும், கொண்டு போறவங்க மெத்தனமா லேட் பண்ணிட்டாங்க, அத்தன நாள் மில் ஓடாத லாபத்தையும் குடுன்னு மில்லுக்காரர் கேட்டார், கிடைக்கல. இத அப்படியே கிருஷ்ணகிரிக்கு கொண்டு வாங்க. மாங்கூழ் ஃபேக்டரி, சீசன் உச்சத்துல இருக்கு, தோத்தாபுரி லோடு வாசல்ல நிக்குது, மெஷின் பார்ட் ஒண்ணு ஒடஞ்சு லாரி ஆபீஸ்ல போடறாங்க. ஆனா இது இல்லன்னா ஃபேக்டரியே நிக்கும், ஸ்பேர் கிடையாதுன்னு புக் பண்ணும்போது சொல்லல. லாரி லேட், பழம் அழுகிருச்சு. லாரிக்காரன் தலையில அந்த நஷ்டத்த கட்ட முடியாது, ஏன்னா ஸ்பேர் வெச்சிருப்பாங்கன்னுதான் எவனும் நெனைப்பான். இப்ப ஃபேக்ட்ட மாத்துங்க, புக் பண்றப்பவே சொல்லிட்டாங்க, அப்ப கேக்கலாம். நம்ம கான்ட்ராக்ட் ஆக்ட் 73வது செக்ஷன் இதே சரக்குதான்.

ஒரு விஷயம், ஹெட்நோட்ட (தீர்ப்புக்கு மேல ரிப்போர்ட்ல போடற சுருக்கம்) மட்டும் நம்பி படிக்காதீங்க. இதே கேஸ் ஹெட்நோட்ல மில் நின்னு போச்சுன்னு லோடு கொண்டு போற கம்பெனி கிளர்க் கிட்ட சொன்னதா இருக்கும், தீர்ப்பு அப்படி எடுத்துக்கல. 1949ல விக்டோரியா லாண்டரி கேஸ்ல ஜட்ஜ் ஆஸ்க்வித்தே அந்த ஹெட்நோட் தப்பா வழிகாட்டுதுன்னு சொல்லிருக்கார். தீர்ப்பு சின்னதுதான், நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது, முழுசா படிச்சிருங்க.

டோனகூ வெர்சஸ் ஸ்டீவன்சன், 1932, நத்தை கேஸ். ஜிஞ்சர் பீர வாங்குனது தோழி, குடிச்சது டோனகூ, பாட்டில் உள்ள தெரியாத கண்ணாடி. உள்ள அழுகுன நத்தை இருந்துச்சு, உடம்புக்கு முடியாம போச்சுன்னு அத தயாரிச்ச ஸ்டீவன்சன் மேல கேஸ் போட்டாங்க. அந்தம்மாவே காசு குடுத்து வாங்கிருந்தா? கடைக்காரர் மேல கான்ட்ராக்ட்லயே போயிருக்கலாம், ஜட்ஜ் லார்ட் ஆட்கின் அண்டை வீட்டுக்காரர் யாருன்னு (அதாவது நம்ம செயலால பாதிக்கப்படுவாங்கன்னு நாம நெனச்சு பாக்க வேண்டியவங்க யாருன்னு) கேக்க வேண்டியே வந்திருக்காது. (உள்ள நத்தை இருந்துச்சான்னு கடைசி வரைக்கும் நிரூபிக்கவே இல்ல, கேஸ் ஸ்காட்லாந்துல இருந்து வந்தது, இது வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல, கேப்பாங்க.)

ரைலண்ட்ஸ் வெர்சஸ் ஃப்ளெட்சர், 1868. மில்லுக்கு நீர்த்தேக்கம் கட்டுனாங்க, அடியில இருந்த பழைய சுரங்கக் குழி வழியா தண்ணி பக்கத்து சுரங்கத்துல பூந்துருச்சு, கவனக்குறைவு இல்லன்னாலும் பொறுப்புதான்னு தீர்ப்பு. ஆனா இங்கிலாந்து தீர்ப்பு நம்ம கோர்ட்ட கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டா காட்டலாம் அவ்வளவுதான். 1985ல டெல்லியில ஓலியம் வாயு லீக் ஆனதுக்கு அப்புறம் எம்.சி. மேத்தா கேஸ்ல சுப்ரீம் கோர்ட், ஆபத்தான தொழிலுக்கு ரைலண்ட்ஸ்ல இருக்கற விதிவிலக்கு எதுவும் செல்லாதுன்னுருச்சு. கெலமங்கலம் பக்கம் கெமிக்கல் கம்பெனி, ஓசூர்ல கேஸ் டேங்க்னு கேள்வி வந்தா ரைலண்ட்ஸோட நிறுத்திட்டு வந்துராதீங்க.

கார்லில் கேஸ நீங்களே இப்படி மாத்தி பாருங்க. எங்க ஸ்மோக் பால சொன்னபடி யூஸ் பண்ணியும் ஃப்ளூ வந்தா 100 பவுண்ட் தர்றோம்னு ஒரு கம்பெனி விளம்பரம் போட்டது, கார்லில் அம்மாவுக்கு ஃப்ளூ வந்துருச்சு, அந்தப் பணத்த கேட்டு ஜெயிச்சாங்க: 1000 பவுண்ட் பேங்க்ல கட்டிருக்கோம்னு விளம்பரத்துல இருந்த அந்த ஒரு வரிய அடிச்சிட்டு, கம்பெனி சும்மா விளையாட்டுக்கு சொன்னோம்னு வாதாடுனா எடுபடுமா?