சூடான பாதம், கசியும் ஈறு: சர்க்கரை நோயாளி அழற்சியைக் கண்டறியும் முறை

முள் குத்திய விரல் சிவந்து வீங்கிச் சுடுவதும் அழற்சிதான்; ஆனால் அது சில நாளில் அடங்கிவிடும். சர்க்கரை நோயில் காண்பதோ அடங்காமல் மந்தமாகக் கனன்றுகொண்டே இருக்கும் அழற்சி. வயிற்றுக்குள் படியும் கொழுப்பு டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்க, அவை இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. அதனால் கூடிய சர்க்கரை இரத்தக்குழாய்ச் சுவரைப் புண்படுத்தி அழற்சியை மேலும் கிளறுகிறது. கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் கெடுவதில் இதற்கும் பங்குண்டு. உள்ளே நடப்பதை நாம் பார்க்க முடியாது. பாதத்தையும் ஈற்றையும் பார்க்க முடியும்.

மாலையில் கால் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, கால் மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு, புறங்கையால் இரு பாதங்களையும் ஒரே இடத்தில் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டு, சிவந்து வீங்கியிருந்தால், புண்ணும் வலியும் இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதுவரை அந்தக் காலை ஊன்றக் கூடாது. உணர்விழந்த காலில் எலும்பும் மூட்டும் நொறுங்கும் சார்கோ பாதமாகவோ, உள்ளே பரவும் கிருமித்தொற்றாகவோ அது இருக்கலாம். அம்பாசமுத்திரம் பக்கத்து உறவினர் ஒருவர் இதைச் சுளுக்கு என்று எண்ணி, நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு மூன்று வாரம் வயலுக்கு நடந்தார். அதற்குள் பாதத்தின் வளைவு தரையோடு படிந்துவிட்டது. உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உச்சிவெயிலில் சுடும் கோயில் பிராகாரக் கல்லும், திருச்செந்தூருக்கு வெறுங்காலில் நடக்கும் பாதயாத்திரையும் உணர்விழந்த பாதத்துக்கு ஆகாது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பல் துலக்கும்போது ஈற்றில் இரத்தம் கசிந்தால் அதைச் சூடு என்று தள்ளிவிடாதீர்கள். ஈறு அழற்சி சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரை ஈற்றை மேலும் கெடுக்கும். பல் மருத்துவரிடம் வேர்வரை சுத்தம் செய்துகொண்டால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஓரளவு இறங்குவதும் உண்டு. உமிக்கரியை விட்டு மென்மையான பிரஷுக்கு மாறுவது நல்லது.

இடுப்புச் சுற்றளவை விலா எலும்பின் கீழ்நுனிக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் உள்கொழுப்பு மிகுதி என்று கொள்ளலாம். உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் பலமாக உண்டு; அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். பீடி, புகையிலை இரண்டையும் விட்டேயாக வேண்டும்.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனையை நீங்களாகச் செய்துகொண்டு கலங்க வேண்டாம். சாதாரணக் காய்ச்சலிலும் அது ஏறும். ஆண்டுக்கொரு முறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவும் விழித்திரையும் பார்த்துக்கொள்வதே பயன் தரும். அழற்சியைத் தணிப்பதாக எண்ணி மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வாங்கி விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவரிடம் போகும்போது எந்தக் கால், எந்த நாள் முதல் சுடுகிறது என்பதை மாத்திரைச் சீட்டின் பின்புறமே குறித்துக்கொண்டு போங்கள்.