மண்டையோட்டுக் குறையை எலும்பு சிமெண்டால் மூடும் முறை

மூளை வீக்கத்தைத் தணிக்க வெட்டியெடுத்த எலும்புத் துண்டு, வயிற்றுத் தோலுக்கடியிலோ ஆழ்குளிர் பெட்டியிலோ கெடாமல் இருந்தால் அதையே திருப்பிப் பொருத்த வேண்டும். அது நொறுங்கியோ, கரைந்தோ, கிருமி தொற்றியோ போனால்தான் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் எனப்படும் எலும்பு சிமெண்டை நாடுகிறோம். 1940களிலிருந்து புழக்கத்திலுள்ள இப்பொருள், முன்கூட்டியே செய்து வாங்கும் டைட்டானியத் தகட்டை விட விலை குறைந்தது என்பதால், நரம்பியல் அறுவைப் பயிற்சியிலுள்ள ஒவ்வொரு மருத்துவரும் இதைச் செம்மையாகக் கையாளக் கற்றிருக்க வேண்டும்.

தொற்று முழுமையாக அடங்காத இடத்தில் சிமெண்ட் வைக்கலாகாது. நெற்றிக் காற்றறை திறந்திருந்தால் முதலில் அதைச் சரிவர அடைக்க வேண்டும். வளரும் குழந்தையின் மண்டையோட்டோடு சிமெண்ட் வளராது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். எலும்பு இல்லாத குறையின் வழியே மூளை வெளியே பிதுங்கியிருந்தால், மூளையறைகளில் நீர் தேங்கியுள்ளதா என்று சிடி ஸ்கேனில் பார்த்து, தேங்கியிருந்தால் அதற்கான சிகிச்சையை முதலில் செய்ய வேண்டும்.

பழைய தழும்பின் வழியாகவே திறந்து, தலைத்தோலை, மூளையைச் சூழ்ந்துள்ள ட்யூரா என்னும் உறையிலிருந்து பொறுமையாகப் பிரித்து, எலும்பின் விளிம்பு சுற்றிலும் தெளிவாகத் தெரியும்வரை செல்ல வேண்டும். அவசரப்பட்டால் ட்யூரா கிழியும். கிழிந்த இடத்தை நீர் கசியாதபடி தைக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அடுத்ததாகச் சிமெண்டின் பொடியையும் திரவத்தையும், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்க வேண்டும். எழும் ஆவி கண்ணையும் மூச்சையும் உறுத்துவதால், அறையில் நல்ல காற்றோட்டம் அவசியம். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர் இந்த வேலையிலிருந்து விலகியிருப்பது நல்லது. கலவை சப்பாத்தி மாவைப் போல் திரண்டு, கையுறையில் ஒட்டாமல் வரும்போது, ஈரப்பஞ்சால் மூடிய ட்யூராவின்மேல் நுண்ணுயிர் நீக்கிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் சிமெண்டைப் பரப்பி, எதிர்ப்புற மண்டையோட்டின் வளைவைப் பார்த்து உருவம் கொடுக்க வேண்டும். எலும்பின் விளிம்புக்கு அடியில் சிமெண்ட் நுழைய விடாதீர்கள். அங்கே இறுகிவிட்டால் வெளியே எடுப்பது கடினம்.

இறுகும்போது எழும் வெப்பம் 70 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும் என்பதே இம்முறையின் முதன்மையான ஆபத்து. ஆகவே, உருவம் நிலைத்து, சூடு ஏறத் தொடங்கும் முன் அதைத் தூக்கி வெளியே வைத்து இறுக விடுவதையே நான் பெரிதும் விரும்புகிறேன். மீண்டும் பொருத்தி அளவு பார்க்கும்வரை, குளிர்ந்த உப்புநீரைக் கையருகே வைத்திருக்க வேண்டும். எங்கேனும் சூடு உணரப்பட்டால் தயங்காமல் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

இறுகிய சிமெண்ட் தகட்டின் கூர்விளிம்புகளை அதிவேகத் துளைக்கருவியால் மழுக்கி, தூளை நன்கு கழுவிய பின், அதில் பல சிறு துளைகள் இட வேண்டும். அடியில் சேரும் இரத்தமும் நீரும் அவற்றின் வழியே வெளியேறும். நடுவிலுள்ள துளைகள் வழியாக ட்யூராவைத் தகட்டோடு சேர்த்துத் தைத்தால், இரத்தம் தேங்கும் இடைவெளியும் குறையும். அதன் பிறகு டைட்டானியச் சிறுதகடுகளாலும் திருகுகளாலும் அசையாதபடி பொருத்தி, தோலடியில் வடிகுழாய் வைத்து, இழுவிசை இல்லாமல் தோலைத் தைக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் நோயாளியின் விழிப்புநிலையோ கை கால் வலிமையோ குறைந்தால், வலிப்பு வந்தால், உடனே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வாரங்கள் கழித்துத் தையலருகே சிவந்து நீர் கசிந்தாலும், தகட்டைச் சுற்றித் தொற்று இருக்கலாம் என்றே கருத வேண்டும். ஆழமான தொற்று உறுதியானால் மருந்தை மட்டும் நம்பியிருக்காமல் தகட்டை அகற்றுவதே பெரும்பாலும் தேவைப்படும். இதை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.