தோமாவின் பெயரில் வழங்கும் நூல்கள்: வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விவிலியத்தில் சேராத தொடக்கக் கிறிஸ்தவ நூல்களான புறநூல்களைப் பற்றிய குழப்பம் தமிழில் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. சீர்திருத்தச் சபையார் ‘தள்ளுபடியாகமம்’ என்று ஒதுக்கிய தோபித்து, யூதித்து முதலியவை கத்தோலிக்கருக்கு விவிலியத்தில் இடம்பெறும் இணைத்திருமுறை நூல்கள். சீடர்களின் பெயரைத் தாங்கிப் பின்னாளில் எழுந்த நற்செய்திகளும் ‘பணிகளும்’ (சீடர்களின் செயல்களைச் சொல்லும் நூல்கள்) அவற்றினின்று முற்றிலும் வேறானவை; இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதுதான் குழப்பம்.

ஒரே பெயர் கொண்ட நூல்களை ஒருவரே எழுதியதாகக் கொள்வது அடுத்த தவறு. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த தோமா நற்செய்தி இயேசு சொன்னதாகக் கூறும் 114 வாக்குகளின் தொகுப்பு. களிமண் குருவிகளைச் சிறுவன் இயேசு பறக்கவிட்ட கதை, தோமாவின் பெயரிலேயே வழங்கும் குழந்தைப் பருவ நற்செய்தியில் வருவது. நாக் ஹம்மாதிச் சுவடி 4ஆம் நூற்றாண்டினது என்பதால் நூலும் அப்போதுதான் பிறந்தது என்று முடிவு கட்டவும் கூடாது. எகிப்தின் பழைய நகரான ஆக்சிரிங்கசில் அச்சுவடிக்கு முன்பே கிடைத்த, இதே நூலின் கிரேக்கத் துணுக்குகளுள் ஒன்று கி.பி. 200ஐ ஒட்டியது.

நம்மவர்கள் அதிகம் இடறுவது ‘தோமா பணிகள்’ நூலில்தான். 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் எதெசா (இன்றைய துருக்கியின் உர்ஃபா) வட்டாரத்தில், அரமேயத்தின் ஒரு வகையான சிரியாக் மொழியில் அது எழுதப்பட்டதாக அறிஞர் பலரும் கருதுகின்றனர். அதில் வரும் குண்டபோரஸ் வெறும் கற்பனை அரசன் அல்லன் என்பதை 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த நாணயங்கள் காட்டியதும், நூல் முழுவதும் வரலாறாகிவிட்டது போன்ற பேச்சு எழுந்தது. அரசன் இருந்தான் என்பதால், அவன் தந்த பணத்தை ஏழைகளுக்கு வழங்கித் தோமா விண்ணில் மாளிகை கட்டினார் என்பது உறுதியாகிவிடாது. மேலும், அவன் ஆண்டது இந்தியாவின் வடமேற்குப் பகுதியை. தோமா கொல்லப்படுவதோ மஸ்தாய் என்னும் வேறோர் அரசனின் நாட்டில். மயிலாப்பூரின் பெயர் நூலில் எங்குமே இல்லை. ஆகவே, தோமா சென்னை மயிலாப்பூரில் இறந்தார் என்னும் மரபுக்கு இந்நூலைச் சான்றாக நிறுத்துவது பொருந்தாது. இதில் பெயர் இல்லை என்பதற்காக அந்த மரபையே பொய்யென்பதும் அவசர முடிவுதான்.

புனைபெயரில் எழுதுவதை அக்காலத்தில் யாரும் தவறாகக் கருதவில்லை என்ற கூற்றையும் அப்படியே ஏற்க முடியாது. பவுல் மீதுள்ள அன்பினால் அவர் பெயரில் நூல் புனைந்ததாக ஒப்புக்கொண்ட, ரோமானியரின் ஆசியா மாகாணத்து மூப்பர் ஒருவர் பதவியிழந்ததைத் தொடக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் குறிப்பிடுகிறார்.

புறநூல்களை 325ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் விலக்கியது என்பது வெறும் கட்டுக்கதை. சங்கத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அந்தியோக்கியா ஆயர் செராப்பியோன் பேதுரு நற்செய்தியைப் படிக்காமலேயே அனுமதித்து, பிறகு படித்துப் பார்த்து மறுத்திருக்கிறார். அதில் பெரும்பகுதி சரியான போதனையே என்று அவர் எழுதியதை மட்டும், புறநூல்களை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவதில்லை.